எல்லாக் கதவிலும் ஒரே குறி

இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பும் வேளையில், சூலூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் சில வாரங்களாகச் சீனத்து அரண்மனை ஒன்று எழுந்து நிற்கிறது. விடுமுறைக்கு வந்துள்ள பேத்தி, தமிழ்க் குரல் கொடுக்கப்பெற்ற சீனச் சரித்திரத் தொடர் ஒன்றைக் கைபேசியில் விடாது பார்த்து வருகிறாள். பேரரசரும் பட்டத்தரசியும் படைத்தலைவரும் தாதியரும் நம் செந்தமிழிலேயே சூழ்ச்சி செய்கின்றனர். செந்தமிழிலேயே கண்ணீரும் உகுக்கின்றனர். நானும் அருகமர்ந்து பார்க்கலானேன். ஒரு நாள் அவள் நிமிர்ந்து, "நன்னா, ராஜா வீட்டுக் கதவும், மந்திரி வீட்டுக் கதவும், திருடன் வீட்டுக் கதவும் ஒண்ணு மாதிரியே இருக்கே, ஏன்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரியே. உழவன் மகளாக வருபவளின் ஆடையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. போரிலிருந்து மீளும் வீரனின் காலணியில் புழுதி இல்லை. பெருஞ்சேனை என்று வாய் சொல்கிறது. கண்ணுக்குப் பதினைந்து பேர்தாம் தென்படுகின்றனர். சீனத்தின் செசியாங் மாநிலத்தில் ஹெங்டியன் என்னும் ஊரில், 1996ஆம் ஆண்டு முதலாகப் பழைய அரண்மனைகளையும் கடைவீதிகளையும் முழு அளவிலேயே கட்டி எழுப்பிப் படப்பிடிப்புக்கென வைத்திருக்கிறார்கள். பெருஞ்செலவில் எடுக்கப்படும் தொடரும் அங்கே வருகிறது. சிறு முதலில் எடுக்கப்படும் தொடரும் அங்கே வருகிறது. கையில் காசு குறைந்தவர், கிடைத்த ஒரு வாசலையே மூன்று குடும்பங்களுக்கும் வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

வியப்பு வேறொன்றில் இருக்கிறது. கதவின் பொய்யைக் கண்டுகொண்ட பின்பும் அவள் அத்தொடரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. பொய்யென்று தெரிந்தும் மனம் ஏன் தங்குகிறது? எது நம்மைத் தங்க வைக்கிறது, எது நம்மை ஏமாற்றுகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டாமா? இதற்கு விடை தேடிச் சீனம் வரை செல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து மேற்கே கோவையை நோக்கிச் செல்லும் திருச்சி சாலையில், சிங்காநல்லூரில், ஒரு காலத்தில் இத்தகைய அட்டை அரண்மனைகள் நாள்தோறும் எழும்பின, நாள்தோறும் பிரிக்கப்பட்டன. சென்ட்ரல் ஸ்டூடியோ என்பது அதன் பெயர். 1930களின் நடுவில் தோன்றியது அது. புலியகுளத்தில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ 1945இல் தோன்றியது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 'ராஜா ராணிப் படம்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெயரிட்டு அழைத்த அந்த வகைப் படங்களில் பல, நம் கொங்கு மண்ணில் விளைந்தவை. அவற்றை எடைபோட்டுப் பார்த்தால், பேத்தி பார்க்கும் தொடரின் எடையும் தெரிந்துவிடும்.

முதலில் நிறையைக் கூறுவோம்.

சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தளமாகக் கொண்டு பல படங்களை எடுத்த நிறுவனம் ஜூபிடர் பிக்சர்ஸ். அதன் முதலாளிகள் இருவர்: எம். சோமசுந்தரம், எஸ்.கே. மொகிதீன். 'சோமுவும் மொகிதீனும்' என்று இணைத்தே அக்காலத்தார் கூறுவர். தமிழ்த் திரையின் வளர்ச்சியில் நம்மவர் ஒருவரின் பொருளும் துணிவும் இவ்வாறு கலந்திருந்தமையை இன்று நம் பிள்ளைகள் அறியார். இந்நிறுவனம் 1947இல் வெளியிட்ட 'ராஜகுமாரி' பெரும்பொருள் செலவிட எண்ணாமல் எடுக்கப்பட்ட படம். அரசகுமாரியும் எளிய இளைஞனும் காதல் கொண்டு, தடைகளை வென்று சேர்வதே கதை. பி.யு. சின்னப்பா, டி.ஆர். ராஜகுமாரி போன்ற புகழ்மிக்கோரை இயக்குநர் ஏ.எஸ்.ஏ. சாமி விரும்பினாராம். முதலாளிகளோ சம்பளத்துக்கு இருந்தவர்களையே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வாறு வந்தவர் எம்.ஜி. இராமச்சந்திரன். 1936இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடம் ஏற்றதிலிருந்து பதினோராண்டுகள் காத்திருந்தவருக்கு அதுவே முதல் கதாநாயக வேடம். சாமிக்கும் அதுவே முதல் இயக்கம். வசனத்துக்கு உதவ வந்த இருபத்திரண்டு வயது இளைஞர் மு. கருணாநிதி. அவர் பெயர் உதவியாளர் என்ற அளவிலேயே இடம்பெற்றது.

சிக்கனம் செய்த முதல் நன்மை இதுவே. புகழ் பெற்றவரை விலை கொடுத்து வாங்க இயலாதவன், புகழ் பெறாதவனிடம் உள்ள திறமையைத் தேடியாக வேண்டும். பொன்னும் மணியும் காட்ட வழியில்லாத இடத்தில், வாளெடுத்துச் சண்டையிடத் தெரிந்த உடலும், வாய் திறந்தால் கூட்டத்தைக் கட்டிப்போடும் தமிழும் முன்னுக்கு வந்தன. பின்னாளில் நாடாண்ட இருவர், கோவையின் அட்டைக் கோட்டைக்குள் முதன்முதலாக ஒருங்கே உழைத்தனர் என்பது வரலாறு. முதலாளிகளின் பண முடை அவ்வாய்ப்புக்குக் காரணங்களுள் ஒன்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இரண்டாவது நன்மை, சொல்லுக்குக் கிடைத்த ஏற்றம். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்வோம். தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கிய படம். கருணாநிதியின் கதைக்கு மூலம், ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் ஒரு நிகழ்ச்சி. கொள்ளைக்காரனாகிய கணவன், மனைவியைக் கொல்லும் எண்ணத்துடன் மலை உச்சிக்கு அழைத்துச் செல்கிறான். சாவதற்கு முன் தன்னைச் சுற்றிவந்து வணங்க ஒப்புதல் கேட்கிறாள் அவள். சுற்றி வருகையில் அவனையே கீழே தள்ளிவிடுகிறாள்.

படத்தில் அரசவை உண்டு, ஆடலரங்கு உண்டு, குதிரைகள் உண்டு. அவையெல்லாம் பார்த்தோர் நினைவில் மங்கிவிட்டன. மங்காமல் நிற்பது அந்த மலை உச்சி ஒன்றே. அக்காட்சிக்குத் தேவைப்பட்டவை ஒரு பாறை, வானம், இருவர், அவர்களுக்கிடையே உள்ள அச்சம். ஒரு பட்டுத் திரையும் வேண்டியிருக்கவில்லை. ராஜா ராணிப் படத்தின் மிகச் சிறந்த கட்டம், ராஜாவின் உடைக்கு வேலையே இல்லாத கட்டமாக அமைந்தது எண்ணத்தக்கது.

1951இல் வந்த ஜூபிடரின் 'மர்மயோகி'யும் இதற்குச் சான்று பகரும். கே. ராம்நாத் இயக்கிய அப்படத்தில் பேயுருவம் ஒன்று வருகிறது. அதன் பொருட்டே தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் அது என்பர். அஞ்சவைக்கும் காட்சிக்கு அரண்மனையின் அகலம் உதவாது. ஒரு நிழலும், இருளிலிருந்து எழும் ஒரு குரலும் போதும். நிழலுக்குச் செலவில்லை, ஆனால் நிழலை எவ்விடத்தில் விழவைப்பது என்ற அறிவு வேண்டும். அந்த அறிவு ராம்நாத்திடம் இருந்தது.

மூன்றாவது நன்மை, பெயரில்லா நாட்டின் பயன். எந்த நூற்றாண்டு, எந்த அரசமரபு என்று சொல்லாத இடத்தில், சொல்லக் கூடாதவற்றையும் சொல்லிவிடலாம். மந்திரி குமாரியில் தீமையின் ஊற்றாக வருபவன் ராஜகுரு. மன்னனை ஆட்டிவைக்கும் மதகுருவைக் கண்ட மக்கள், தங்கள் காலத்து அதிகாரங்களை நினைத்துக் கைதட்டினர். பகலெல்லாம் பஞ்சாலையில் நின்று, இரவில் மண்தரையில் அமர்ந்து படம் பார்த்த எங்கள் பகுதித் தொழிலாளிக்கு அந்த வசனங்கள் தன் வாயில் வராத சொற்களாக இருந்தன. அட்டைச் சுவர் ஆடியதை அவன் பொருட்படுத்தவில்லை. அதன் முன்னின்று பேசியவனின் சொல் ஆடவில்லை.

இத்தனையும் நிறை. இனிக் குறைக்கு வருவோம்.

சிறு முதல் படம் என்பதற்காகச் சுவரை ஏசுவது திறனாய்வாகாது. ஏழை வீட்டு விருந்தில் தட்டு வெள்ளியால் ஆனதில்லை என்று குறைகூறுவோன் விருந்தினனே அல்லன். ஆனால் சோறு வேகவில்லை என்றால் சொல்லத்தான் வேண்டும். இவ்வகைப் படங்களில் வேகாத சோறு எது?

மனிதர்களுக்குத் தொழில் இல்லாமை, முதற்குறை. நாடு இருக்கும், அங்கே உழுபவன் இரான். கடைவீதி இருக்கும், எவனும் எதையும் நிறுத்து விற்கமாட்டான். மக்கள் என்போர் அரசனை வாழ்த்தவும், கொள்ளையன் வந்தால் சிதறி ஓடவும் மட்டும் கூலிக்கு நின்றவர்களாக இருப்பர். தாய் என்பவள் அழுவதற்கு, தங்கை என்பவள் கடத்தப்படுவதற்கு, கோமாளி என்பவன் கதை நிற்கும்போது வருவதற்கு என்று எல்லாரும் முன்கூட்டியே வார்க்கப்பட்டிருப்பர். பேத்தியின் சீனத் தொடரிலும் இதே வார்ப்புகளைக் கண்டேன். பொறாமை கொண்ட இளையராணி, குழந்தையை மாற்றிய தாதி, நஞ்சிட்ட கிண்ணம் ஆகியவை உடை மாறி வந்திருந்தன.

பணம் பெருகினால் இக்குறை தீருமா? 1948இல் எஸ்.எஸ். வாசன் கணக்கற்ற பொருளைக் கொட்டி 'சந்திரலேகா'வை எடுத்தார். அதன் முரசு நடனம் இந்தியா முழுதும் வியக்கப்பட்டது, வியப்புக்குரியதே. ஆனால் அதன் அண்ணன் தம்பிச் சண்டையும், கடத்தப்படும் நாயகியும் சிறு முதற் படங்களில் உள்ளவையே. முரசுகளின் எண்ணிக்கை பெருகியது. மனிதர்களின் ஆழம் பெருகவில்லை. ஆகவே இது பணக் குறையன்று. சிந்தனைக் குறையே எனத் துணியலாம்.

இவ்விடத்தில்தான் இக்கட்டுரைக்கு என்னைத் தூண்டிய செய்தி வருகிறது. தொடர் ஒன்று முடிந்த ஓரிரவு, பேத்திக்கு நம்மூர்ப் படம் ஒன்றைக் காட்டுவோமே என்று 'அலிபாபாவும் 40 திருடர்களும்' போட்டுக் காட்டினேன். 1956ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்த படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் எடுத்து இயக்கியது. முழுதும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப்படம் என்று பேர்பெற்றது. அலிபாபாவாக எம்.ஜி.ஆர்., மார்ஜியானாவாகப் பி. பானுமதி, கொள்ளைத் தலைவன் அபு உசேனாகப் பி.எஸ். வீரப்பா. பேத்தி சிரித்தாள், பானுமதியின் துடுக்கை மிக விரும்பினாள். முடிந்ததும் கேட்டாள்: "ஏன் நன்னா, பாக்தாதிலே திருடனும் பணக்காரனும்தான் இருந்தாங்களா? நம்மள மாதிரி சாதாரணமா யாருமே இல்லையா?"

எனக்கு என் அத்தாவின் நினைவு வந்தது. 1950களின் கடைசியில், நான் சிறுவனாக இருந்தபோது, கொட்டகை கட்டி ஆடிய டூரிங் சினிமாவில் இதே படத்தை அவருக்குத் தெரியாமல் சென்று பார்த்துவிட்டு வந்தேன். செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. அடி விழும் என்று நின்ற என்னைப் பார்த்து, "அலிபாபாவுக்கு என்ன தொழில்?" என்று கேட்டார். விறகு வெட்டுவது என்றேன். "விறகு வெட்டினவனோட கை எப்படி இருந்துச்சு?" என்றார். நான் விழித்தேன். திரையில் கண்டவை மோதிரத்துக்கு ஏற்ற கைகள். அத்தா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் 'விறகு வெட்டியார் கிஸ்ஸா'வை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடிக் காட்டினார். கிஸ்ஸாக்கள் நம் பாட்டிமார் கேட்டு வளர்ந்த எளிய கதைப்பாடல்கள். அவற்றுக்கு அரங்கமும் இல்லை, உடையும் இல்லை. ஆயினும் அன்று அவர் பாடியபோது விறகுச் சுமையின் பாரம் என் தலையில் இறங்கியது.

அலிபாபாவைப் பற்றிய என் குறை இதுதான். அங்கே பாக்தாத் என்பது ஓர் ஊரன்று, ஓர் உடை. தலைப்பாகையும் தளர்ந்த காற்சட்டையும் இடையில் ஒரு வளைந்த வாளும் அணிந்துவிட்டால் அரபி ஆகிவிடலாம் என்ற நம்பிக்கை.

படத்தின் மந்திரச் சொல்லை எடுத்துக்கொள்வோம். குகையின் வாயில் திறக்க அவர்கள் சொல்லும் சொல் தமிழகம் முழுதும் குழந்தைகளின் வாயில் இன்றும் உலவுகிறது. அதில் வரும் 'கசம்', 'ஹுக்கும்' ஆகியவை ஆணையையும் கட்டளையையும் குறிக்கும் நல்ல அரபுச் சொற்கள். இடையில் வரும் 'கா' என்னும் வேற்றுமை உருபோ இந்துஸ்தானிக்கு உரியது. கசம் என்னும் சொல்லோடு அங்கே 'கீ' வரவேண்டுமே யன்றி 'கா' வாராது என்று உருது பேசும் நம் உறவினர் சிரிப்பர். பாக்தாதின் கள்வர் தக்காணத்துக் கடைவீதி மொழியைப் பிழையாகப் பேசுவது நகைப்புக்குரியதே. எனினும் இதுவும் மன்னிக்கத்தக்கதே. மன்னிக்க இயலாதது 'சீசே' என்ற ஒரு சொல்.

கதையில் உள்ள சொல் சிம்சிம், அதாவது எள். 'எள்ளே, திறந்துகொள்' என்பதே மந்திரம். எள்ளுக்காய் முற்றிக் காய்ந்ததும் தானே வாய் பிளந்து மணி உதிர்க்கும். எள் விதைக்கும் நம் கொங்கு நாட்டு உழவனுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பேராசை கொண்ட காசிம் குகைக்குள் புகுந்து, பொன்னைக் கண்ட மயக்கத்தில் அந்தத் தானியத்தின் பெயரை மறந்துவிடுகிறான். வாற்கோதுமையே திற என்கிறான். வேறு வேறு தானியங்களின் பெயர்களைக் கூறித் திணறுகிறான். தினமும் உண்ணும் எளிய பொருளின் பெயரைச் செல்வம் மறக்கச் செய்கிறது. அந்த மறதி அவன் உயிரைக் குடிக்கிறது. கதையின் அறமே அந்தச் சிறு மணிக்குள் இருக்கிறது. மேனாட்டு வாய்வழி வந்த 'செசமி'யைச் 'சீசே' ஆக்கி நம் முன் வைத்தபோது, எள் உதிர்ந்து போயிற்று. வெறும் ஒலி எஞ்சியது. 'எள்ளே' என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகியிராது.

நம்மிலும் சிலர் இக்கதையை அரபு நாட்டின் தொல் சொத்தென எண்ணி, அதில் எது செய்தாலும் புண்படுவர். அவர்களுக்கு ஒரு செய்தி. அலிபாபா கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் இல்லை. அலெப்போவிலிருந்து பாரிசு சென்ற ஹன்னா தியாப் என்னும் சிரிய நாட்டுக் கிறித்தவர், 1709இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைகளுள் ஒன்று அது. கலான் அதைப் பிரெஞ்சில் எழுதித் தம் நூலின் இறுதிப் பகுதிகளில் 1717இல் வெளியிட்டார். ஆகவே இக்கதை பிறந்தது முதலே ஊர்விட்டு ஊர் சென்று உடை மாற்றிக்கொண்ட கதை. சேலத்துக்கு வந்து அது தமிழ் பேசியதில் பிழையொன்றும் இல்லை. தமிழில் 1941இலேயே என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் அதை நகைச்சுவையாக நடித்துக் காட்டிவிட்டனர்.

அரபு நாட்டைத் தமிழாக்குவது குற்றமென்றால், நம் உமறுப் புலவரே முதற் குற்றவாளி ஆவார். சீறாப்புராணத்தில் அவர் அரபு மண்ணில் தமிழகத்து மழையைப் பெய்வித்தார். மருத நிலத்து வயல்களை விளைவித்தார். மக்காவின் மணலை அவர் அறியாதவரா? அறிந்தே செய்தார். தமக்கு உயிரினும் இனிய வரலாற்றைத் தம் மக்களின் கண்ணுக்குப் பழகிய நிலத்தில் நட்டு வைத்தார். அங்கே நிலம் மாறியது, நெஞ்சம் மாறவில்லை. அட்டை பாக்தாதிலோ நேர்மாறு. உடை அரபு நாட்டது. உள்ளே நெஞ்சம் என ஒன்றில்லை. அறிந்து மாற்றுவதற்கும் அறியாமல் மாட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடே காப்பியத்துக்கும் அட்டைப் படத்துக்கும் உள்ள வேறுபாடு.

அறிந்து செய்தால் அட்டையையும் கலையாக்கலாம் என்பதற்கு, நம்மவர் பலர் வாழ்ந்த சிங்கப்பூரிலேயே சான்றுண்டு. ஷா சகோதரர் என்னும் சீனச் செல்வர்கள் அங்கே ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படங்களை எடுத்தனர். தொடக்கக் காலத்தில் அவற்றை இயக்க இந்தியாவிலிருந்தும் சென்றனர். பின்னர் பி. ரம்லி என்னும் பெருங்கலைஞர் 1961இல் 'அலிபாபா பூஜாங் லாப்போ' எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம், எளிய அரங்குகள். ரம்லி தம் பாக்தாத் பொய்யானது என்பதை மறைக்க முயலவில்லை. பழங்காலத்துக் கள்வரிடையே தம் காலத்து வழக்கங்களை வேண்டுமென்றே புகுத்தி, அந்தப் பொருத்தமின்மையையே நகைப்பாக்கினார். மலாய் மக்கள் பாக்தாதைப் பார்க்கவில்லை. தங்கள் தெருவைப் பார்த்துச் சிரித்தனர். குறையை ஒளிப்பவன் குறைபட்டே நிற்கிறான். குறையை அறிந்து கையாள்பவன் கலைஞனாகிறான்.

நடுநிலை தவறாமல் ஒன்று சொல்லியாக வேண்டும். சேலத்து அலிபாபாவின் எல்லாப் பொய்க்கும் ஈடு செய்ய ஒரு மெய் அதில் இருக்கிறது, அது மார்ஜியானா. அடிமைப் பெண்ணாக வந்தவள், அந்த வீட்டின் அறிவாகிறாள். பானுமதி அவளை அழுவதற்கென வார்க்கப்பட்ட பாவையாக நடிக்கவில்லை. அவர் பார்வையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அக்காலத்துப் படங்களில் முஸ்லிம் பெயர் தாங்கிய பெண்ணொருத்தி அறிவாலும் துணிவாலும் குடும்பத்தைக் காக்கும் காட்சி மிக அரியது. ஏழை முஸ்லிம் ஒருவன் நாயகனாக, ஊரெல்லாம் அவன் பக்கம் நின்று கைதட்டியதும் அரியதே. எங்கள் ஊர்க் கொட்டகையில் அன்று சாதி சமயம் பாராது எல்லாப் பிள்ளைகளும் அலிபாபாவாகவே வீடு திரும்பினர். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

ஆயினும் பேத்தியின் கேள்வி எஞ்சுகிறது: சாதாரண மனிதர் யாருமே இல்லையா? இருந்தார்கள். 762இல் கலீபா மன்சூர் அந்நகரைத் தோற்றுவித்தார். அங்கே தாளும் நூலும் விற்கும் கடைகள் நிறைந்த கடைவீதி இருந்தது, ஏடுகளைப் படியெடுத்துப் பிழைத்தோர் இருந்தனர், கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்தோர் இருந்தனர், மருத்துவமனைகள் இருந்தன. 1258இல் மங்கோலியர் படை அதனை அழித்தது. இவற்றில் ஒன்றைக்கூடக் காட்டாத ஒரு பாக்தாதையே பல தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகளும் சேர்த்து, கண்ணில் சுமந்து வளர்ந்தனர். சிரிக்கவைத்த படம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஓர் ஊரைப் பற்றி ஒரே ஒரு படம் மட்டும் மனத்தில் இருக்குமானால், அந்த ஊரின்மேல் குண்டு விழும் செய்தியைக் கேட்கும்போதும் அந்தப் படமே கண்முன் வரும். 2003இல் பாக்தாதின் மீது அது விழுந்தபோது, தொலைக்காட்சியில் அதைக் கண்ட எங்கள் தெரு இளைஞனொருவன் அலிபாபாவைச் சொல்லித்தான் கேலி பேசினான். அவனைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் வேறு பாக்தாதைக் கண்டவன் அல்லன்.

அலிபாபா கதையில் ஒரு கட்டம் உண்டு. வீட்டை அடையாளம் வைக்கக் கள்வன் கதவில் சுண்ணக் குறி இட்டுச் செல்கிறான். மார்ஜியானா அதைக் கண்டு, தெருவின் மற்றக் கதவுகளிலும் அதே குறியை இட்டுவிடுகிறாள். இரவில் வந்த கள்வர் எது அலிபாபாவின் வீடென்று தெரியாமல் திகைக்கின்றனர். ஒரு வீட்டைக் காக்க அவள் எல்லாக் கதவுகளையும் ஒன்றாக்கினாள். சிறு முதல் சரித்திரக் கதைகளோ காசைக் காக்க எல்லாக் கதவுகளையும் ஒன்றாக்குகின்றன. சோழ நாடும் பாக்தாதும் சீனமும் ஒரே குறியுடன் நிற்கின்றன. நம் வீடு எதுவென்று நம் பிள்ளைக்கே தெரியவில்லை.

எனவே இத்தகைய படைப்புகளைப் பார்க்கும் குடும்பத்தார்க்கும், நாளை எடுக்கப்போகும் நம் இளைஞர்க்கும் என் முடிவைக் கூறுகிறேன். கதவு ஒன்றாக இருப்பதை மன்னியுங்கள். கதவுக்குப் பின்னால் வாழ்பவர் ஒன்றாக இருப்பதை மன்னியாதீர். விறகுவெட்டியின் உள்ளங்கையில் ஒரு காய்ப்பு, ஏழை வீட்டு மூலையில் ஒளுச் செய்யும் நீருக்கு ஒரு மண்குடம், எள்ளை எள்ளென்று கூறும் ஒரு வாய் ஆகியவற்றுக்கு முதலாளியின் பணம் வேண்டியதில்லை. பார்த்த கண்ணும் கேட்ட காதும் போதும்.

பேத்தியின் தொடர் இன்னும் முடியவில்லை. அதைத் தடுக்க நான் எண்ணவில்லை. என் அத்தா என்னைத் தடுக்காது கேள்வி கேட்டதுபோலவே நானும் கேட்கிறேன். நேற்றிரவு, "அந்த அரண்மனைக்குச் சோறு ஆக்குறது யாரு?" என்று கேட்டேன். அவள் சற்று நேரம் திரையைத் தேடினாள். "அவங்களைக் காட்டவே இல்லை நன்னா" என்றாள். விடுமுறை முடிந்து அவள் ஊர் திரும்பும் முன், அத்தா எனக்குப் பாடிக் காட்டிய கிஸ்ஸாவை அவளுக்குப் பாடிக் காட்ட வேண்டும்.